கோலமும் குழம்பும் மட்டுமா?

பத்திரிகையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் நம் ஜனங்களுக்கு முதலில் ஒரு மரியாதை பிறக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கூடச் சற்று நிமிர்ந்து உட்காருகிறார். "அப்படியா! என்ன எழுதுகிறீர்கள்? அரசியலா?" என்று ஆவலோடு கேட்கிறார். "இல்லை, பெண்கள் பகுதியைப் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டியதுதான். அந்த மரியாதை அவர் இலையில் இருக்கும் அப்பளத்தைப் போல் நொறுங்கி விடுகிறது. "ஓகோ! கோலம், குழம்பு, கூந்தல் தைலம்!" என்று சிரித்து விட்டு, அவர் பாயசத்தின் பக்கம் திரும்பி விடுகிறார்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, வாசகிகளே. பத்து வருஷத்துக்கு முன் நானும் அவர் கட்சிதான்.

அப்போது நான் ஒரு தினசரியில் இருந்தேன். எந்தத் தினசரி என்பது வேண்டாமே! கல்லூரிப் படிப்பு முடித்துச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நிருபர்கள் இரண்டு முழம் எழுதி அனுப்புவதை அரை முழமாக்கி, அதற்குத் தலைப்புக் கொடுத்து, பக்கத்தில் அடக்குவதுதான் என் வேலை. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் இரவு பத்தரை மணிக்கு, பக்கம் முடிகிற நேரத்தில், எங்கோ ஒரு பாலம் இடிந்த செய்தி வந்து, எல்லாவற்றையும் புரட்டிப் போட்டு மறுபடி அடுக்குகிறபோது உடம்பில் ஒரு சுறுசுறுப்பு ஏறும் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. அந்த ருசி கண்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் செய்தி ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்கம்மா, உட்காருங்கள். அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் பகுதியை நீங்கள் எடுத்துக் கொள்கிறீர்கள். பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஓய்வு பெறுகிறார்" என்றார்.

"ஏன் ஸார், என் வேலையில் ஏதாவது தப்பு வந்து விட்டதா?"

"சேச்சே! ராத்திரி வேலையெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றுதான். உங்களுக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருக்கும்."

எனக்கு எப்படிப் பொருத்தம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கோலம் போட வராது. என் கையால் வைத்த ரசத்தை என் வீட்டார் பொறுமைக்குப் பரீட்சை என்று சொல்வது வழக்கம். நான் புடவை கட்டியிருந்தேன், பொருத்தம் அவ்வளவுதான்!

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே அழுதேன். வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டு விட்டு, "இதற்கா அழுகிறாய், பைத்தியம்! சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேரலாம். சமையல் குறிப்புத்தானே வேண்டும்? வாரம் ஒன்று நான் சொல்கிறேன், எழுதிக் கொள்" என்றாள். (சொன்னாள் என்பது மட்டுமல்ல, சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் வத்தக் குழம்பு மூன்று தடவை, மூன்று பெயர்களில் அந்தப் பத்திரிகையில் வெளிவந்திருக்கிறது. இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.)

இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கத்தை ஓட்டிய காலத்தில்தான், எனக்குக் கல்லூரியில் பாடம் சொல்லிய பேராசிரியை ஒருவரைப் பார்க்கப் போனேன். என் புலம்பலை எல்லாம் கேட்டு விட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "படித்து விட்டு வந்து மிச்சத்தை அழு" என்றார்.

மேரி ஸ்டாட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1973-ல் வெளியிட்ட சுயசரிதை அது.

மேரி 1907-ல் லெஸ்டர் நகரத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே பத்திரிகைக்காரர்கள். அந்த வீட்டில் பிறந்த பெண் வேறு எங்கே போவாள்? பதினேழு வயதில் உள்ளூர் 'லெஸ்டர் மெயில்' பத்திரிகைக்குத்தான் போனார். புரூப் திருத்துகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூலப் பிரதியை வாசித்துக் காட்டும் தற்காலிக வேலை. பிறகு மெல்ல எழுதும் பக்கத்துக்கு வந்தார். ஈய எழுத்துக்களும் அச்சு மையின் வாசனையும் தலைப்புப் போடுகிற சாமர்த்தியமும் அந்தப் பெண்ணுக்கு மிகவும் பிடித்துப் போயின. செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் உதவி ஆசிரியராக வேண்டும் என்பதுதான் ஆசை.

பத்தொன்பது வயதில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: "பெண்கள் பக்கத்தை நீ பார்த்துக் கொள்."

பத்தொன்பது வயதில் ஒரு பக்கத்துக்கே அதிகாரி! மேரி துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. நிஜமான பத்திரிகைக்காரியாகிற வாய்ப்பு இனி நமக்கு இல்லை என்று மனம் உடைந்து போனாராம்.

இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏழு கடலுக்கு அப்பால், நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், எனக்காக ஒருத்தி அழுது வைத்திருக்கிறாளே!

அதற்கு மேல் அவர் உத்தியோகம் போன வழி கொஞ்சம் கரடுமுரடானது. 1931-ல் போல்ட்டன் என்ற ஊரில் ஒரு மாலைப் பத்திரிகை; அங்கும் பெண்கள் பக்கந்தான். 1933-ல் மான்செஸ்டரில், கூட்டுறவு இயக்கத்தார் நடத்திய பத்திரிகைகளில் வேலை. அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பகுதிகளைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தார். கூட்டுறவு மாதர் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து, மேடை ஏறிப் பேசி, தீர்மானம் போட்டு விட்டுப் போகிறவர்கள். பத்திரிகையைப் படிக்கிறவள் யார் என்பதை மேரி அங்கேதான் தெரிந்துகொண்டார் என்பது என் எண்ணம். தன் வாசகி யார் என்று தெரியாமலே ஆயுசு முழுக்கப் பத்திரிகை நடத்தியவர்கள் உண்டு!

1945-ல் ஆசை நிறைவேறியது. 'மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் செய்தி உதவி ஆசிரியர். ஐந்து வருஷம் அந்த மேஜையில் ராணி மாதிரி இருந்தார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் வினை! வரிசைப்படி போனால் தலைமை உதவி ஆசிரியர் பதவி அவர் கைக்கு வந்து விடும் போலிருந்தது. ஒரு பெண்பிள்ளை அந்த நாற்காலியில் உட்காருவதாவது! 1950-ல் அவரை அனுப்பி விட்டார்கள். ஆண் வாரிசுக்கு வழி விடத்தான் இந்த ஏற்பாடு.

இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆத்திரத்தோடு; இரண்டாம் தடவை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு திருப்தியோடு. என்னைச் செய்திப் பிரிவிலிருந்து கிளப்பியது என் ரசத்துக்காக அல்ல என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

ஏழு வருஷம் கழித்து, 1957-ல், 'மான்செஸ்டர் கார்டியன்' ஆசிரியராக இருந்த அலஸ்டர் ஹெதரிங்டன் மேரியை அழைத்தார். பெரிய பத்திரிகை. (1959-ல் பெயரிலிருந்து மான்செஸ்டரை எடுத்து விட்டு வெறும் 'கார்டியன்' ஆயிற்று.) எதற்கு அழைத்தார்? நீங்களே ஊகித்திருப்பீர்கள். பெண்கள் பக்கத்துக்குத்தான்!

அந்தப் பக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1922-ல் அதை ஆரம்பித்து வைத்தவர் மேட்லின் லின்ஃபோர்ட் என்ற பெண்மணி. விளம்பரப் பிரிவில் சிறு வேலையில் சேர்ந்து மேலே வந்தவர். புத்தியுள்ள பெண்களுக்கான பக்கமாக அதை நடத்தினார். வேரா பிரிட்டன் போன்ற பேர்பெற்ற எழுத்தாளர்கள் எல்லாம் அதில் எழுதினார்கள். நம் ஊரிலும் ஏறக்குறைய அதே காலத்தில், 1925-ல், வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யைக் கையில் எடுத்தார் என்பது உங்கள் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். பக்கம் என்ன, முழுப் பத்திரிகையையே நடத்திக் காட்டினார் அந்த அம்மாள். அது தனிக் கதை. இன்னொரு நாள் சொல்கிறேன்.

மேரி கார்டியனில் பதினைந்து வருஷம் இருந்தார். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்லத் தோன்றும். தபாலைப் பிரித்தார். அவ்வளவுதான்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? பத்திரிகைக் காரியாலயத்தில் தபாலைப் பிரிப்பது பியூன் வேலை. வாசகர் கடிதம் என்றால், "சென்ற வாரக் கட்டுரை பிரமாதம்" என்ற ரகத்தை எடுத்துப் போட்டு விட்டு மற்றதைக் கூடையில் போடுவது சம்பிரதாயம். பேர்பெற்றவர்களிடம் கட்டுரை கேட்டு வாங்குவதுதான் ஆசிரியையின் பெருமை. மேரியோ, எங்கோ ஒரு வீட்டில் குழந்தையைத் தூங்கப் பண்ணி விட்டு ஒருத்தி எழுதுகிறாளே, அதையும் அச்சில் ஏற்றினார். எழுத்தாளர் எழுத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை வாசகி எழுத்துக்கும்.

அதன் பலன் என்ன ஆயிற்று என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1960-ம் வருஷம் பிப்ரவரி மாதம். பெட்டி ஜெர்மன் என்பவர் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முன்பு கார்டியன் காரியாலயத்தில் வேலை பார்த்தவர். இப்போது புறநகர் ஒன்றில் குடித்தனம். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள்; ஒரே மாதிரி பேச்சு; மத்தி மீனை டப்பாவில் அடைத்தது போல் அடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மனத்தில் இருந்ததைக் கொட்டி விட்டார்.

உடனே கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்று மோரீன் நிக்கல் என்ற இளம் தாய் எழுதியது. கணவருடைய உத்தியோகத்துக்காகப் புது ஊருக்கு வந்தவர். அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. வீட்டோடு கட்டுண்டு கிடந்தாலும் நாலு விஷயம் பேச ஆசைப்படுகிற பெண்கள் ஊருக்கு ஊர் இருப்பார்களே, அவர்கள் பெயரையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால் என்ன, புது இடத்துக்குப் போகிறவள் ஒரு சிநேகிதியைத் தேடிப் பிடிக்கலாமே என்று கேட்டிருந்தார். சில வரிகள்தான். மேரி அதைப் பிரசுரித்தார்.

அவ்வளவுதான், நிக்கல் வீட்டு வாசலில் தபால்காரர் மூட்டையோடு வந்து நின்றார்! பதிவேடு என்று விளையாட்டாய்க் கேட்டவர் தலையிலேயே பதிவேடு விழுந்தது. ஊர் ஊராகப் பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூட ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு நியமம் எனக்கு மிகவும் பிடித்தது: கூடுகிற இடத்தில் வீட்டு விவகாரமும் பிள்ளை வளர்ப்பும் பேசக் கூடாது! அது 'தேசிய இல்லத்தரசிகள் பதிவேடு' ஆகி, 1987-ல் 'தேசிய மகளிர் பதிவேடு' என்று பெயர் மாறி, இன்றும் நடக்கிறது.

மறு வருஷம், 1961 ஆகஸ்டில், இன்னொரு கடிதம். எழுதியவர் லண்டனில் இருந்த பெல் டுட்டேவ் என்ற தாயார். சர்க்கார் புதிதாகச் சிசு பள்ளிகள் திறப்பதில்லை என்று கையை விரித்து விட்டிருந்தது. டுட்டேவ் தம் சின்னப் பெண்ணுக்காகவும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காகவும், தாய்மார்களே சேர்ந்து நடத்தும் ஒரு விளையாட்டுக் கூடத்தை ஆரம்பித்திருந்தார். மற்ற ஊர்த் தாய்மார்களும் இப்படிச் செய்யலாமே, சர்க்காருக்கு விண்ணப்பமும் போடலாமே என்று எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்து முளைத்தது ஒரு சங்கம். பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்காக அது நாடு முழுதும் வேர் விட்டு, இன்று வேறு பெயரில் பெரிய ஸ்தாபனமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெகன் டு புவாஸன் என்பவர் மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோஸிஸ் என்ற நரம்பு மண்டல நோயால் நடக்க முடியாமல் போன குடும்பப் பெண். ஊனமுற்ற ஆணுக்காவது இன்ஷூரன்ஸ் கட்டியிருந்த வகையில் ஏதோ வரும். வீட்டிலேயே உழைத்தவளுக்குச் சர்க்கார் கணக்கில் உழைப்பே கிடையாது. ஆகவே உதவியும் கிடையாது. 1965-ல் அவர் கார்டியனுக்கு எழுதிய கடிதத்தால், உடல் ஊனமுற்றோரின் வருமானத்துக்காகப் போராடும் சங்கம் ஒன்று பிறந்தது. 1969-ல், அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகும் வழியிலேயே மோட்டார் விபத்தில் அவர் இறந்து போனார்.

மேரியின் சொந்த வாழ்க்கையிலும் அடி விழுந்தது. கணவர் கென் ஸ்டாட்டும் பத்திரிகைக்காரர்தான். 1967-ல் அவர் காலமானார். மேரிக்கு அப்போது வயது அறுபது. விதவையாகி விட்டால் எப்படி நாளை ஓட்டுவது என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதைத் தம் பக்கத்திலேயே எழுதினார். அத்தனை வருஷமாகப் பிறர் துக்கத்தைப் பிரசுரித்தவர், தம் முறை வந்தபோது ஒளிந்து கொள்ளவில்லை. இதை எத்தனை ஆசிரியர்கள் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் செய்வேனா என்பது சந்தேகந்தான்.

1972-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். புத்தகங்கள் எழுதினார், பத்திரிகைத் துறைப் பெண்களுக்குச் சம உரிமை கேட்டார், 2002-ல், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

பேராசிரியை சொன்னபடி புத்தகத்தை முடித்து விட்டு நான் மிச்சத்தை அழவில்லை. வேறு ஒன்று செய்ய வேண்டியதாயிற்று. என் மேஜையின் கீழ் டிராயரைத் திறந்தேன்.

அந்த டிராயரைப் பற்றி உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண்கள் பகுதிக்கு வரும் கடிதங்களில், கோலத்தில் புள்ளி தப்பு என்று வருவதும், இட்லிக்கு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று வருவதும் மேல் டிராயருக்குப் போகும். அவற்றுக்குப் பதில் உண்டு. எதிலும் சேராத கடிதங்கள் கீழ் டிராயருக்குப் போகும். தூக்கி எறிய மனம் வராது. படித்துப் பதில் எழுதவும் மனம் வராது.

அதில் ஒரு கடிதம் எனக்கு ஞாபகம் இருந்தது. தேடி எடுத்தேன். சென்னைக்கு வெளியே புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு நகரிலிருந்து வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், குண்டு குண்டான எழுத்து.

"இது சமையல் குறிப்பு இல்லை, மன்னிக்கவும்" என்று ஆரம்பித்திருந்தது. மாமியார் படுத்த படுக்கையாகி ஆறு வருஷம் ஆகிறதாம். கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். நல்ல மனிதர், குறை ஒன்றும் இல்லை. மாமியாரும் வாய் திறந்து ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இப்போது வாயே திறப்பதில்லை. "மத்தியானம் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை அவர் தூங்குவார். அந்த ஒரு மணி நேரம் நான் ஜன்னலண்டை உட்கார்ந்திருப்பேன். டாக்டர் யோசனை எதுவும் வேண்டாம். என்னைப் போல் இருக்கிற யாராவது இந்தப் பக்கத்தில் இருக்கிறார்களா என்று மட்டும் உங்கள் பத்திரிகையில் கேட்க முடியுமா?"

கடிதத்தின் தலையில் சிவப்புப் பென்சிலால் நான்கு வார்த்தை எழுதியிருந்தது: "இதில் விஷயம் ஒன்றும் இல்லை." என் கையெழுத்துத்தான்.

தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கே பதில் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, உங்கள் கடிதத்தைப் பெயர் இல்லாமல் பிரசுரிக்கலாமா என்று அனுமதி கேட்டேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. அதே நோட்டுத் தாள்.

"உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். எங்கள் மாமியார் தவறிப் போய் நாலு மாதம் ஆகிறது. ஆனாலும் போடுங்கள். வேறு யாருக்காவது உபயோகமாக இருக்கும். இப்போது எனக்கு மத்தியானம் பூராவும் ஓய்வுதான். யாராவது கூப்பிட்டால் போய்ப் படுக்கையண்டை உட்கார்ந்து கொள்கிறேன் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்து விடுவது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்."

இந்தக் கடிதத்தை நான் எப்படிப் படித்தேன் என்பதை எழுதத் தெரியவில்லை. அவர் என் மேல் கோபப்பட்டு நாலு வார்த்தை எழுதியிருந்தால் கூடத் தேவலை.

இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் போட்டேன். செய்தி ஆசிரியர் புரூப்பைப் பார்த்து விட்டு, "என்னம்மா, பண்டிகை சமயத்தில் அழுமூஞ்சி விஷயமாய் இருக்கிறதே?" என்றார். "பக்கத்திலேயே அதிரசம் இருக்கிறது ஸார்" என்றேன். சிரித்து விட்டு விட்டு விட்டார். அவரும் கெட்டவர் அல்ல.

அந்த வாரம் அதிரசத்தில் வெல்லத்தின் அளவு தப்பு என்று இருபத்து மூன்று கடிதங்கள் வந்தன. (அம்மா சொன்ன அளவு சரிதான், நான் எழுதிக்கொண்டது தப்பு.) அந்தக் கடிதத்துக்குப் பதினொன்றுதான் வந்தன. ஆனால் பதினொன்றும் கனமான உறைகள். பக்கவாதம் வந்த கணவர், எழுந்திருக்க முடியாத அம்மா, இருபது வயதாகியும் ஊட்டி விட வேண்டிய பிள்ளை. ஒருத்தியாவது பணம் கேட்கவில்லை. "அந்த அம்மாளுடைய விலாசம் கிடைக்குமா?" என்பதுதான் எல்லோரும் கேட்டது.

அந்தப் பதினொன்றில் ஒன்று அதே நகரிலிருந்து வந்திருந்தது. விலாசத்தை ஒத்துப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி! நாலு வருஷமாகத் தாயாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண். எட்டு மாதத்துக்கு முன்பே நான் அந்தச் சில வரிகளைப் போட்டிருந்தால், நாலு மாதம் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. பெண்கள் பக்கமே வேண்டாம், பெண்கள் என்ன தனி ஜாதியா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நானே அப்படிக் கேட்டவள்தான். அமெரிக்காவில் 1960-களின் கடைசியிலிருந்து பல பத்திரிகைகள் அப்படித்தான் பெண்கள் பக்கங்களை எடுத்து விட்டு, ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவான பகுதி என்று பெயர் மாற்றின. நல்ல காரியம் என்றுதானே நினைப்பீர்கள்? பொதுப் பகுதி வந்ததும் அதற்குப் பல இடங்களில் ஆணைத் தலைவராகப் போட்டு விட்டு, அதுவரை பக்கத்தை நடத்திய பெண்ணை ஓரத்தில் உட்கார வைத்தார்கள்! மார்ஜோரி பாக்ஸன் என்ற ஆசிரியைக்கு இப்படி நடந்தது. இரண்டாவது மகா யுத்த காலத்தில், போருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்தால் இடத்தைக் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்து விட்டுச் செய்தி ஸ்தாபனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். இரண்டு முறை நாற்காலி போயும் அவர் அயரவில்லை. பின்னால் ஒரு பத்திரிகைக்கு வெளியீட்டாளராகவே ஆனார். 1987-ல் தம் கைப்பணம் ஐம்பதாயிரம் டாலர் கொடுத்து, பத்திரிகைத் துறைப் பெண்களின் கடிதங்களையும் காகிதங்களையும் பாதுகாக்க மிஸௌரி சர்வகலாசாலையில் ஒரு சேகரிப்பை ஆரம்பித்து வைத்தார். கீழ் டிராயரின் அருமை தெரிந்த மனுஷி!

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் பஸ் ஏறி அந்த நகருக்குப் போனேன். போவதற்கு எனக்குத் துணிச்சல் வர ஒரு மாதம் ஆயிற்று என்பதுதான் உண்மை. இரண்டாம் தெருப் பெண்ணின் வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் கடிதம் எழுதிய அம்மாள் அங்கே வந்து விடுவாராம். அவர் படுக்கையண்டை இருக்கிற நேரத்தில் அந்தப் பெண் கடைக்குப் போய் வருவாளாம், சில நாள் சும்மாவே நடந்து விட்டு வருவாளாம். நான் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை விட நாலைந்து வயதுதான் பெரியவர். நான் மனப்பாடம் செய்து கொண்டு போயிருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். முதலில் காபி சாப்பிடுங்கள்" என்று சொல்லி விட்டு, விட்ட இடத்திலிருந்து இருவரும் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

நோயைப் பற்றி அல்ல. எங்கள் தினசரியைப் பற்றியும் அல்ல. நான் இப்போது வேலை பார்க்கிற இந்த வாரப் பத்திரிகையில் அப்போது வந்துகொண்டிருந்த தொடர்கதையின் கதாநாயகி, அந்த அசட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளா, மாட்டாளா என்று ஒரே வாக்குவாதம். எனக்கு அந்தக் கதை தெரியாது. காபியைக் குடித்துக்கொண்டு, நாலு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.